தெம்பிக்காய் கடலோடு போன சனிக்கிழமை

எங்கள் ஊரில் வெயில்காலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வருடம் முழுக்க வெயில்தான். நடுநடுவே சாயங்கால மழை வந்து ஈப்போவை ஒரு அலசு அலசிவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆனாலும் சில வாரங்கள் அந்த மழையும் வராமல் ஏமாற்றிவிடும். அப்போது சிலிபின் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் குழாயை மத்தியானத்தில் திறந்தால் வெந்நீர்தான் வரும். கோப்பி கலக்க அடுப்பே வேண்டாம் போலிருக்கும். அந்த மாதிரி நாட்களில்தான் ஊருக்கே கடல் நினைப்பு வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு பேரங்காடியில் காசாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கவுண்டருக்கு வரும் தள்ளுவண்டிகளைப் பார்த்தாலே போதும். கரி மூட்டை, சோசேஜ், காகிதத் தட்டு, பிள்ளைகள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காற்று வளையம். "பங்கோர் தீவுக்கா, தெலுக் பாத்திக் கடலுக்கா?" என்று கேட்பேன். "எப்படிக்கா தெரியும்?" என்று வாயைப் பிளப்பார்கள். எப்படித் தெரியாமல் இருக்கும்? ஊரார் லீவையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து 'டிட் டிட்' என்று ஏற்றிப் பையில் போட்டுக் கொடுப்பவள் நான்தானே. சிரித்த முகத்தோடுதான் கொடுப்பேன். மனதுக்குள், 'போங்க போங்க, நல்லா இருங்க' என்று கறுவிக்கொண்டிருப்பேன். சனி, ஞாயிறில் எங்கள் கடையில் கூட்டம் அலைமோதும் என்பதால் எனக்கு லீவு எப்போதும் செவ்வாய், புதன் என்று ஒன்றுக்கும் உதவாத நாளில்தான் விழும்.

என் வீட்டுக்காரருக்கு லோரி ஓட்டும் வேலை. வடக்கே பினாங்கு, தெற்கே கிள்ளான் துறைமுகம் வரைக்கும் சாமான் ஏற்றிக்கொண்டு போய்வருவார். ஜொகூர் லோடு என்றால் மட்டும், "முதுகு வலிக்குது தவுக்கே, வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்று முதலாளியிடம் மழுப்பிவிடுவார். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பது தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான். அதனால் நல்லதும் உண்டு. சண்டை போட நேரம் கிடைப்பதில்லை.

சண்டை வேறு பக்கமிருந்து வந்தது. போன வருடம் ஒரு நாள், எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றாள். ஜொகூர் பாருவில் தோழியோடு அறை எடுத்துக்கொண்டு, தினமும் விடியற்காலையில் தன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வருவாளாம். எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"ஈப்போல வேலையே இல்லையா?"

"இருக்குப்பா. எனக்குப் புடிச்ச வேலை அங்கதான் இருக்கு."

"அப்ப போ. போயி அங்கயே இரு. இனிமே என்கிட்ட பேசாத."

கோபத்தில் வந்த வார்த்தை. சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. இவளாவது ஒரு மூச்சு அழுதிருக்கலாம், திருப்பிக் கத்தியிருக்கலாம். அதுவும் இல்லை. "சரி" என்றாள். அவ்வளவுதான். அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள். மூக்கும் அப்படி, பிடிவாதமும் அப்படி. பேசாதே என்றார், பேசவில்லை. அவள் பேசவில்லை என்று அவரும் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்தான் தபால்காரி.

"அம்மா, அப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு."

அவர் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

"போதும்னு சொல்லு."

"போதுமாம்டி."

"ரசமாச்சும் ஊத்திக்கச் சொல்லும்மா. தொண்டை கட்டியிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் கட்டலன்னு சொல்லு."

கையில் அகப்பையோடு நடுவில் நிற்கும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாள் முழுக்கக் கடையில் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது கத்துவதற்கு உரிமை வேண்டாமா? கத்தினேன். "ரெண்டு பேரு வாயிலயும் என்ன கொழுக்கட்டையா? நேரா பேசிக்கிட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பவும் தட்டைப் பார்த்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில்கூட அவள் எனக்குத்தான் எழுதுவாள், அவர் எனக்குத்தான் குரல் அனுப்புவார். இரண்டையும் இரண்டு பேரும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் நான் பதில் போட்டால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இதில் கூத்து என்னவென்றால், தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் அவளுடைய மோட்டாரின் டயரை அழுத்திப் பார்ப்பார். காற்று குறைந்திருந்தால் அடிப்பார். பனியில் நனைந்த சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் போவார். அவளோ அதற்கு முன்பே எழுந்து, அவருடைய பிளாஸ்கில் பால் கலக்காத கோப்பி-ஓ ஊற்றி, சீனி குறைத்துப் போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். இதற்குப் பெயர் சண்டையா? எனக்கு இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றும், இரண்டு பேர் தலையிலும் நங்கென்று ஒரு குட்டு வைக்கவும் தோன்றும்.

ஒரு சாயங்காலம் அவள் வெளியே போயிருந்தபோது அவர் சமையலறைக்கு வந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குளிர்ப்பெட்டியைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். பிறகுதான் பேசினார். முன்பு ஒரு தடவை ஜொகூர் லோடு போயிருந்தபோது, விடியற்காலை மழையில், பாலத்துக்குப் போகும் சாலையில் லோரியை நிறுத்திக் காத்திருந்தாராம். சுற்றிலும் ஈசல் மாதிரி மோட்டார்கள். அவர் கண் முன்னாலேயே ஒரு பெண் பிள்ளை சறுக்கி விழுந்ததாம். லோரிக்கு அடியில் அவள் காலில் போட்டிருந்த சப்பாத்து ஒன்று மட்டும் வந்து கிடந்ததாம். பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியாமலே போலீஸ் கை காட்டியதும் நகர்ந்து போக வேண்டியதாகிவிட்டதாம். அதற்கப்புறம்தான் அவருக்கு ஜொகூர் என்றால் முதுகு வலித்தது.

"நெனச்சாலே கை நடுங்குது. கோவத்துல ஒண்ணும் சொல்லல, பயத்துலதான் சொன்னேன். அவகிட்ட சொல்லு."

என் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று அவர் நினைத்திருப்பார். "சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"ரசம் வேணுமா, தண்ணி வேணுமான்னு கேக்க நான் இருக்கேன். இத நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அது வெறும் சேதி."

அவர் மறுபடியும் குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடிவிட்டுப் போய்விட்டார். அவள் கிளம்பும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் அதுதான். இப்படியே பேசாமல் அவள் பஸ் ஏறிவிட்டால், இந்த மௌனம் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அப்புறம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் பார்த்துக்கொள்கிற அப்பாவும் பெண்ணுமாக ஆகிவிடுவார்கள். அப்படி ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் கடலுக்குப் போகலாம் என்றேன். கூட வேலை பார்க்கும் மலாய்க்கார அக்காவிடம், நோன்புப் பெருநாளில் உன் ஷிப்டை நான் பார்க்கிறேன், இந்தச் சனிக்கிழமை என் ஷிப்டை நீ பார் என்று பேசி முடித்தேன். இவரையும் தவுக்கேயிடம் லீவு கேட்க வைத்தேன். ஈப்போவிலிருந்து தெலுக் பாத்திக்குக் காரில் நல்ல தூரம். ஓடும் காரிலிருந்து யாரும் எழுந்து போய்விட முடியாது அல்லவா? அது என் கணக்கு.

"கடலா? கடல்ல என்னா இருக்கு, உப்புதான் இருக்கு. ஆத்துக்கே போலாம்லா" என்றார் அவர்.

அவர் ஆற்றுக்காரர். சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே ஆறு. நான் பக்கத்துத் தோட்டம். அதே ஆற்றின் கீழ்ப்பக்கம். இன்றைக்கு இரண்டு தோட்டமும் செம்பனையாகிவிட்டது, ஆறு மட்டும் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு ஆற்றங்கரைதான் எங்களுக்கு. போனதும் அவர் செய்யும் முதல் வேலை, தெம்பிக்காய்க்கு இடம் பார்ப்பது. தர்ப்பூசணியை நாங்கள் மலாய்ப் பெயரில் தெம்பிக்காய் என்றுதான் சொல்வோம். தண்ணீர் ஓடும் ஓரமாகப் பார்த்து, கல்லை வட்டமாக அடுக்கி, நடுவில் தெம்பிக்காயைப் பாதி மணலில் புதைத்து வைப்பார். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜில்லென்று ஆகிவிடும். அதை வெட்டி, நடுத்துண்டை மகளுக்குக் கொடுப்பார். அவள் குழந்தையாக இருந்ததிலிருந்து நடுத்துண்டு அவளுக்குத்தான். எனக்கு எப்போதும் தோலை ஒட்டிய துண்டு. பரவாயில்லை, வயிறு நிறைந்தது என்று நானும் சும்மா இருந்துவிடுவேன்.

சனிக்கிழமை காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை இலையில் பொட்டலம் கட்டினேன், கோழியைப் பெரட்டலாகச் செய்தேன், சம்பலை இரட்டிப்பாக அரைத்தேன். கோபமாக இருக்கும்போது என் சம்பல் நன்றாக வரும். காரில் அவர் ஓட்ட, நான் முன்னால், மகள் பின்னால்.

"ஏர்கோன கொஞ்சம் கூட்டச் சொல்லும்மா."

"ஜன்னல நல்லா மூடச் சொல்லு மொதல்ல."

இப்படியே கடலுக்குக் கிட்டத்தில் இருக்கும் சித்தியவான் வரைக்கும் போய்விட்டோம். என் கணக்கு தப்புக் கணக்கு என்று அப்போதே புரிந்துவிட்டது. வழியில் ஒரு பழக்கடையில் வண்டியை நிறுத்தி, அவர் ஒவ்வொரு தெம்பிக்காயாகக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மூணு பேருக்கு எதுக்கு இவ்ளோ பெருசுன்னு கேளும்மா."

"வேணும்னுதான் வாங்குனேன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். ஏர்கோன் போட்டிருக்கும்போது ஜன்னலைத் திறக்கிறாயே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

தெலுக் பாத்திக்கில் கடல் நன்றாக வற்றியிருந்தது. ஈரமணல் தூரம் வரைக்கும் பளபளவென்று விரிந்து கிடந்தது. தண்ணீர் அதற்கும் அப்பால், ஏதோ கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மர நிழலில் பாயை விரித்தோம். குரங்கு ஒன்று வந்து என் சம்பல் டப்பாவைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, போய்விட்டது.

அவர் தெம்பிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடந்தார். கணுக்கால் ஆழத்தில் இடம் பார்த்தார். ஓரத்துப் பாறைப் பக்கமிருந்து கல் பொறுக்கி வட்டம் அடுக்கினார். நானும் ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் தெம்பிக்காயைப் புதைத்துவிட்டு, நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மலைப் பக்கமும் பார்த்தார்.

"மழை இருட்டு இல்ல. தண்ணி ஏறாது" என்றார்.

"ஏறாது" என்றேன் நானும்.

தோட்டத்து ஆறு எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. மேலே மலையில் கறுத்தால் கீழே தண்ணீர் ஏறும், பிள்ளைகளைக் கரைக்குக் கூப்பிட வேண்டும். கறுக்காவிட்டால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். பளிச்சென்று வெயில் அடிக்கும்போதும் கடல் தன்பாட்டுக்கு ஏறும் என்பது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் உறைக்கவே இல்லை.

சாப்பிட்டோம். இரண்டு பேரும் என் சம்பலை என்னிடமே பாராட்டினார்கள். அப்புறம் அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். மகள் சட்டையும் டிராக்சூட்டுமாகக் கடலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். நான் பாயில் உட்கார்ந்து கோழி டப்பாவுக்குக் காவல் இருந்தேன். சுற்றிலும் எத்தனையோ குடும்பம். ஒரு சீனத் தாத்தா பேரனோடு மணலில் குழி தோண்டுகிறார். மலாய்ப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை என் கவுண்டரில் நான் ஏற்றி அனுப்பும் லீவெல்லாம் இங்கேதான் வந்து இறங்குகிறது போலிருக்கிறது. எனக்குக் கிடைத்த ஒரே சனிக்கிழமையில், ஒருவர் தூங்குகிறார், ஒருத்தி தனியாக நடக்கிறாள். இதற்கா நான் பெருநாள் ஷிப்டை விற்றேன் என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதால் துடைத்துக்கொள்ளக் கையெல்லாம் சம்பல்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், தண்ணீர் முன்பு இருந்த இடத்தில் இல்லை என்பதைப் பார்த்தேன். ஈரமணலைக் காணோம். கல் வட்டத்தையும் காணோம். நல்ல ஆழத்தில், பச்சையாக, உருண்டையாக ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னாங்க! தெம்பிக்கா போவுது!"

அலறியடித்து எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடினார். ஆற்றில் எதிர்நீச்சல் போட்ட காலமெல்லாம் உண்டு, ஆனால் அது இளவட்டக் காலம். இப்போது லோரி சீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்ட உடம்பு. இடுப்பு வரைக்கும் போனார். கையை நீட்டினார். தெம்பிக்காய் ஒரு முழம் தள்ளிப் போனது. இன்னும் போனார். அது இன்னும் போனது. காற்றடைத்த வாழைப்பழப் படகில் ஆட்களை ஏற்றி இழுக்கும் மலாய்க்கார ஆள் கரையிலிருந்து, "பாங், இனி லாவுட், புக்கான் சுங்கை!" என்று கையை ஆட்டிக் கத்தினார். அண்ணே, இது கடல், ஆறு இல்லை என்று.

அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை. தெம்பிக்காயை எட்டிப் பிடிக்க ஒற்றைக் காலில் நின்றவரை அது அப்படியே மடக்கிப் போட்டது. ஆளைக் காணோம். தொப்பி மட்டும் மிதந்தது.

டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அப்பா!"

அவ்வளவு பெரிய சத்தம் அவளுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. கடற்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். "அப்பா! அப்பா!" அத்தனை வாரமாக உள்ளே பூட்டி வைத்திருந்த அப்பாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தன. கையை உள்ளே விட்டு, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருமிக்கொண்டே எழுந்து நின்றார் மனுஷன். நின்றதும் பார்த்தால் தண்ணீர் அவருக்கு நெஞ்சு வரைக்கும்தான். கரையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நானும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை, கையில் அகப்பை இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அவர்கள் பேசுவது கேட்கும். அவள் திட்டிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. கை அங்கேயும் இங்கேயும் போனது. அவருடைய காலரை மட்டும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்து நின்றார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். படகு மோட்டார் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. அவர் கையை உயர்த்திக் காட்டியதைப் பார்த்தேன். விரல்கள் நடுங்கின, இல்லை, எனக்கு அப்படித் தெரிந்தது. அவள் கை காலரிலிருந்து இறங்கி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரசம், தண்ணீர், ஏர்கோன் என்று எல்லாச் சேதியும் சுமந்தவள் நான். அந்த ஒரு சேதியை மட்டும் நான் கேட்கக் கூடாது என்று தோன்றியது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். சம்பல் கையோடு நன்றாக அழுதேன். கண் எரிந்ததற்கு அதுதான் காரணம் என்று அப்புறம் அவர்களிடம் சொன்னேன்.

படகுக்காரர் தெம்பிக்காயைப் போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். "பியார்லா, பாங்" என்றார் இவர், போகட்டும் விடுங்கள் என்று. அது பங்கோர் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது மகள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். "நீ பின்னால படுத்துக்கம்மா, களைச்சுப்போயிருப்ப" என்றாள். என்ன கரிசனம்! பின்னால் பாத்திரங்களோடு பாத்திரமாக நானும் உட்கார்ந்துகொண்டேன். எந்தச் சந்தில் திரும்பினால் சீக்கிரம் என்று இரண்டு பேரும் போட்ட சண்டையில் ஈப்போ வரைக்கும் காது கிழிந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "தண்ணியில நின்னு என்னா பேசுனீங்க?" என்று அவரைக் கேட்டேன். "சும்மாலா" என்றார். அவளைக் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள். ஆனால் அவள் கிளம்பிய நாளில் மோட்டாரை எடுத்துப் போகவில்லை. பாலத்தைத் தொழிலாளர் பஸ்ஸில்தான் தாண்டுவாளாம். எனக்கு அது போதும்.

அந்த மோட்டார் இன்றைக்கும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. தினமும் காலையில் அவர் டயரை அழுத்திப் பார்க்கிறார். சீட்டைத் துடைக்கிறார். சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் என்று சாவியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டே பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் கோப்பி-ஓ குடிக்கிறார். இப்போது கோப்பி நான்தான் ஊற்றுகிறேன். சீனி சரியில்லை என்கிறார்.

போன மாதம் ஒரு நாள் அவராகவே சொன்னார்: "தவுக்கேகிட்ட ஜொகூர் லோடு கேட்டிருக்கேன்."

"முதுகு?" என்றேன்.

"பரவால்லலா."

அவர் போன நாளில் எனக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோது வீடியோ அழைப்பு வந்தது. நிறுத்தி வைத்த லோரியின் முன் சீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜொகூர் மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கை ஸ்டீயரிங்கின் மேல் அமைதியாக இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில், பேப்பர் விரித்து, பிளந்து வைத்த ஒரு தெம்பிக்காய்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, நடுத்துண்டு எனக்குத்தான்னு அப்பாகிட்ட சொல்லு."

அவரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார்.

"இந்தத் தடவ நடுத்துண்டு அவளுக்கு இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், அவ அம்மாவுக்குன்னு சொல்லு."

கையில் எடுத்த சோற்றைப் பொட்டலத்திலேயே போட்டுவிட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா, என்ன ஆச்சு என்று தோளைத் தொட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா," என்றேன், "நடுத்துண்டு எனக்காம்டி."